வளவு வீட்டைப் படமெடுக்க ஒரு ஜூம் லென்ஸ்: பிறழ்ச்சிகளைக் குறைத்து வடிவமைக்கும் முறை

லென்ஸின் குறையை மறைத்துக்கொண்டு படமெடுக்கச் செட்டிநாட்டு வீடு இடம் தராது. முகப்பில் நின்று பார்த்தால் வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பத்தியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி பின்வாசல் வரை பார்வை ஒரே கோட்டில் ஓடும். பர்மாத் தேக்குத் தூண்கள், உத்தரங்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று எங்கு திரும்பினாலும் நேர்கோடுகள். லென்ஸில் கொஞ்சம் உருத்திரிபு இருந்தாலும் ஓரத்துத் தூண் வளைந்துவிடும். நடு முற்றத்தில் வெயில் கொட்டும். சுற்றுப் பத்தியில் இருட்டு. முற்றத்துக்கு மேலே போட்டிருக்கும் இரும்புக் கம்பிகளை வானத்தை வைத்துப் படமெடுத்தால் ஒவ்வொரு கம்பியின் ஓரத்திலும் ஊதாவும் பச்சையும் தெரியும். மலிவான ஜூம்கள் தோற்கும் இடம் இதுதான்.

இந்த வீடுகளுக்கென்றே ஒரு ஜூம் லென்ஸை வடிவமைப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் தாளில் கணக்குப் போடுவதில் தொடங்கி, கணினி, பட்டறை, சோதனை வரை வரிசையாகப் போகலாம். முதல் பாதிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜூம் லென்ஸின் பிறழ்ச்சியை, அதாவது ஒளி சேர வேண்டிய இடத்தில் சேராமல் படம் கெடும் குறையை, மொத்தமாகத் திருத்தப் பார்க்காதீர்கள். உள்ளே நகரும் ஒவ்வொரு வில்லைத் தொகுதியையும் தனித்தனியாகத் திருத்துங்கள். இது ஏன் என்பதற்கான கணக்கு நிறத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் வரும்.

படி 1: வேலையைத் தீர்மானித்தல்

முழுச்சட்ட சென்சார், அதாவது 36×24 மி.மீ. நடுவிலிருந்து மூலைக்கு 21.6 மி.மீ. இதற்கு 24 முதல் 48 மி.மீ. வரை போகும் ஜூம் எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் தள்ளி நின்றால் 24இல் 9 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும், 48இல் 4.5 மீட்டர் வரும். முன்னதில் வளவின் ஒரு பக்கம் முழுக்க அடங்கும். பின்னதில் தூண்தலைச் சிற்பமும் நிலைக்கதவு வேலைப்பாடும் தனியாகக் கிடைக்கும். மூலைக்கு மூலை பார்வைக் கோணம் 84 பாகையிலிருந்து 48 பாகை வரை.

இரண்டு மடங்கு ஜூம் போதுமா என்று கேட்பீர்கள். 24-200 எல்லாம் கடையில் கிடைக்கிறதே? கிடைக்கிறது. ஜூம் விகிதம் கூடக்கூட ஒரே கண்ணாடி பல வேலை பார்க்க வேண்டிவரும், ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முதல் வடிவமைப்புக்கு இரண்டு மடங்கே சரி.

உருத்திரிபுக்கு வரம்பை முதல் நாளே எழுதி வையுங்கள். மூலையில் 2 சதவீதம் என்பது கேட்கச் சின்னதுதான். சென்சாரில் அது 0.43 மி.மீ. நகர்வு, 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் என்பதால் 72 பிக்சல். தரையில் கல் வரிசை வளைவது கண்ணுக்கே தெரியும். இப்போது பல நிறுவனங்கள் உருத்திரிபைத் தாராளமாக விட்டுவிட்டு மென்பொருளில் நிமிர்த்துகின்றன. ஆள் படமெடுப்பவருக்கு அது போதும். கட்டடம் எடுப்பவருக்குப் போதாது என்பது என் கருத்து. மூலையை இழுத்து நிமிர்த்தும்போது அங்குள்ள நுணுக்கம் கரைந்துபோகிறது, சட்ட ஓரமும் வெட்டுப்படுகிறது. நம் லென்ஸுக்கு 24இல் 1.5 சதவீதத்துக்குள் என்று வைப்போம். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 2: எந்தப் பிறழ்ச்சி எதைப் பொறுத்தது

ஜெர்மானியக் கணிதவியலர் லுட்விக் ஃபான் சைடல் 1850களில் ஒரே நிற ஒளிக்கான பிறழ்ச்சிகளை ஐந்தாகப் பிரித்தார். கோளப் பிறழ்ச்சி (வில்லையின் நடுவிலும் ஓரத்திலும் நுழையும் கதிர்கள் ஒரே இடத்தில் குவியாதது), கோமா (ஓரத்துப் புள்ளிக்கு வால் முளைப்பது), அஸ்டிக்மாட்டிசம் (புள்ளி ஓரிடத்தில் குறுக்குக்கோடாகவும் இன்னோரிடத்தில் நெடுக்குக்கோடாகவும் குவிவது), புலவளைவு (படத்தளம் தட்டையாக இல்லாமல் வளைவது), உருத்திரிபு (நேர்கோடு வளைவது). வெள்ளை ஒளிக்கு இன்னும் இரண்டு சேரும். நிறங்கள் முன்னும் பின்னுமாகக் குவிவது அச்சு நிறப்பிறழ்ச்சி. வெவ்வேறு அளவில் குவிந்து ஓரத்தில் பிரிவது பக்க நிறப்பிறழ்ச்சி.

பெயர்களைவிட முக்கியம், ஒவ்வொன்றும் எதனால் வளர்கிறது என்பது. கோளப் பிறழ்ச்சியின் மங்கல், ஒளி நுழையும் துளையின் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். துளையை எஃப் 2.8இலிருந்து 5.6க்கு மூடினால், அதாவது அகலத்தைப் பாதியாக்கினால், எட்டில் ஒரு பங்காகிவிடும். கோமா துளையின் இருமடியையும், புள்ளி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்ந்து பொறுத்தது. அதே மூடலில் நாலில் ஒரு பங்காகும். அஸ்டிக்மாட்டிசமும் புலவளைவும் துளைக்கு நேர்விகிதம், தள்ளியிருக்கும் தூரத்துக்கு இருமடி. உருத்திரிபு தூரத்தின் மும்மடி. துளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்க நிறப்பிறழ்ச்சியும் அப்படித்தான். எஃப் 11க்கு மூடினாலும் இந்த இரண்டும் போகாது. வடிவமைப்பிலேயே தீர்த்தாக வேண்டிய கடன் இவை. வளவு வீட்டில் முதலில் கண்ணில் படுவதும் இவைதான்.

படி 3: தொகுதிகளை அடுக்குதல்

ஜூம் லென்ஸுக்கான காப்புரிமையை 1902இலேயே கிளைல் ஆலன் என்பவர் பெற்றுவிட்டார். 1932இல் சினிமா கேமராவுக்கான குக் வாரோ 40-120 மி.மீ. வந்தது. புகைப்படக் கேமராவுக்கு 1959இல் வந்த ஃபோக்ட்லெண்டர் ஸூமார் 36-82 மி.மீ. எஃப் 2.8. இடையில் இத்தனை ஆண்டுகள் ஆனதற்குக் கணக்குப் போடும் உழைப்பு ஒரு பெரிய காரணம். ஒரு நிலைக்குக் கதிர் கதிராகக் கணக்குப் போடுவதே பெரும்பாடு. ஜூமுக்கு அதைப் பல நிலைகளுக்கும் போட வேண்டும்.

தொலைநோக்கு ஜூம்களில் நாலைந்து தொகுதிகள் இருக்கும். அகலக்கோண ஜூமுக்கு இரண்டு தொகுதிகளே போதும். முன்னால் எதிர்த்திறன், அதாவது ஒளியை விரிக்கும் தொகுதி. பின்னால் நேர்த்திறன், அதாவது குவிக்கும் தொகுதி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மாற்றினால் குவியத்தொலைவு மாறும்.

முன் தொகுதியின் குவியத்தொலைவு −48, பின் தொகுதியின் குவியத்தொலைவு +36 என்று வைப்போம். மொத்தக் குவியத்தொலைவை −48ஆல் வகுத்தால் பின் தொகுதியின் உருப்பெருக்கம் கிடைக்கும். 24இல் அது −0.5, 48இல் −1. தொகுதிகளுக்கு இடையிலான தூரம் வேண்டுமானால் 48ஐயும் 36ஐயும் பெருக்கி, மொத்தக் குவியத்தொலைவால் வகுத்து, அதிலிருந்து 12ஐக் கழியுங்கள். பின் தொகுதியிலிருந்து சென்சாருக்கான தூரம் 36ஐ (1 கழித்தல் உருப்பெருக்கம்) கொண்டு பெருக்கினால் வரும்.

24 மி.மீ. நிலை: இடைவெளி 60, பின் தூரம் 54, மொத்த நீளம் 114.
34 மி.மீ. நிலை: இடைவெளி 38.8, பின் தூரம் 61.5, மொத்தம் 100.3.
48 மி.மீ. நிலை: இடைவெளி 24, பின் தூரம் 72, மொத்தம் 96.

பின் தொகுதி 18 மி.மீ. முன்னால் நகர்கிறது. முன் தொகுதி சென்சாரை நோக்கி உள்ளே வருகிறது, அதுவும் சீராக வரவில்லை. பாதி வழிக்குள்ளேயே 14 மி.மீ. வந்துவிட்டு, கடைசியில் மெதுவாகிறது. 48 மி.மீ. நிலையில் உருப்பெருக்கம் சரியாக −1 என்பதால் அங்கே அதன் நகர்வு ஏறக்குறைய நின்றே விடும். பிறகு, தொகுதிகளை நகர்த்தும் கேம் பள்ளங்களை வெட்டும்போது இது நமக்கு வசதி.

அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, பின் தொகுதியில் வையுங்கள். 24இல் எஃப் 2.8 வேண்டுமென்றால் 54ஐ 2.8ஆல் வகுத்து 19.3 மி.மீ. துளை. அதே துளையோடு 48க்குப் போனால் பின் தூரம் 72 ஆகிவிடுவதால் எஃப் 3.7 ஆகிறது. கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ்களில் 3.5-5.6 என்று இரண்டு எண் போட்டிருப்பது ஏன் என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. நிலையான எஃப் எண் வேண்டுமானால் நகரும்போது துளையும் விரிய வேண்டும், பின் தொகுதியும் பெருக்க வேண்டும். விலையும் எடையும் கூடும்.

படி 4: கதிர் எங்கே விழுகிறது

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. போகாதீர்கள், அரைப் பக்கக் கணக்குதான்.

படத்தின் மூலைக்குப் போகும் கதிர்க்கற்றையின் நடுக்கதிர், 24 மி.மீ. நிலையில் முன் தொகுதியை அச்சிலிருந்து 24 மி.மீ. உயரத்தில் தொடுகிறது. படத்தின் நடுப்புள்ளிக்குப் போகும் கற்றையின் பாதி அகலமோ அங்கே 4.3 மி.மீ. மட்டும். 48க்கு வாருங்கள். மூலைக்கதிர் 7.2 மி.மீ. உயரத்துக்கு இறங்கிவிடுகிறது, நடுக்கற்றை 6.4 ஆக அகலமாகிறது. பின் தொகுதியில் மட்டும் இரண்டு நிலைகளிலும் கற்றையின் பாதி அகலம் 9.6; துளை அங்கேயே இருப்பதால் மூலைக்கதிர் அதன் நடுவே போகிறது.

இந்த எண்களைப் பார்த்தாலே யார் எந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு என்று தெரிந்துவிடும். 24இல் வரும் உருத்திரிபு, அஸ்டிக்மாட்டிசம், பக்க நிறப்பிறழ்ச்சி ஆகியவை பெரும்பாலும் முன் தொகுதியின் வேலை. கோளப் பிறழ்ச்சி முதன்மையாகப் பின் தொகுதியின் வேலை. 48 பக்கம் போகப் போக முன் தொகுதியும் அதில் சேரும். முன் வில்லையின் விட்டமும் இங்கேயே கிடைத்துவிடுகிறது. 24உம் 4.3உம் சேர்ந்து 28.3, இரண்டு மடங்கு 57 மி.மீ. மூலையில் கொஞ்சம் இருட்டடிக்க விட்டால் இன்னும் சிறிதாக்கலாம்.

படி 5: புலவளைவு

யோசெஃப் பெட்ஸ்வால் 1840இல் வேகமான உருவப்பட லென்ஸை வடிவமைத்தவர். ஒவ்வொரு வில்லையின் திறனையும் அதன் ஒளிவிலகல் எண்ணால் வகுத்துக் கூட்டினால் வரும் எண்ணுக்கு அவர் பெயர்தான், பெட்ஸ்வால் கூட்டு. அது பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால்தான் படத்தளம் தட்டையாகும்.

ஜூமில் ஒரு நல்ல செய்தி: தொகுதிகள் நகர்ந்தாலும் இந்தக் கூட்டு மாறாது. இடைவெளி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஒரு தடவை சரிசெய்தால் எல்லா நிலைக்கும் சரி. எல்லாக் கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண் 1.6 என்று வைத்தால் நம் கூட்டு 0.0043, வளைவு ஆரம் 230 மி.மீ. அஸ்டிக்மாட்டிசத்தை நீக்கிவிட்டாலும் மூலையில் குவியம் சென்சாரிலிருந்து 1 மி.மீ. தள்ளிப்போகும். எஃப் 2.8க்கு அது மிக அதிகம். குவிக்கும் வில்லைகளுக்கு ஒளிவிலகல் எண் அதிகமான லாந்தனம் கண்ணாடியும், விரிக்கும் வில்லைகளுக்கு எண் குறைந்த கண்ணாடியும் போட்டால் குறையும். எவ்வளவு குறையும் என்பது அடுத்த படியில் தெரியும், ஏனென்றால் கண்ணாடியைத் தேர்வு செய்வது நிறத்தையும் சேர்த்துத்தான்.

படி 6: நிறம்

ஒரு கண்ணாடி நிறங்களை எவ்வளவு பிரிக்கிறது என்பதை ஆபே எண் சொல்லும். எண் அதிகமானால் பிரிப்பது குறைவு. சாதாரண பிகே7 கண்ணாடிக்கு 64, எஃப்2க்கு (இது கண்ணாடியின் பெயர், எஃப் எண் அல்ல) 36, எஸ்எஃப்11க்கு 26, கால்சியம் ஃபுளூரைடுக்கு 95. ஒரு தொகுதியில் ஒவ்வொரு வில்லையின் திறனையும் அதன் ஆபே எண்ணால் வகுத்துக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். அப்போது சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியும்.

இதை ஏன் தொகுதிக்குத் தொகுதி செய்ய வேண்டும்? முன் தொகுதியில் கொஞ்சம் நிறப்பிறழ்ச்சியை விட்டு, பின் தொகுதியில் எதிராகக் கொடுத்துச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். முன் தொகுதி விட்டுவைக்கும் அச்சு நிறப்பிறழ்ச்சி, பின் தொகுதியின் உருப்பெருக்கத்தின் இருமடியால் பெருகிச் சென்சாருக்கு வரும். 24இல் அது கால் பங்கு, 48இல் முழுப் பங்கு. நாலு மடங்கு வளர்கிறது. பின் தொகுதியின் பங்கோ பின் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப, 54இலிருந்து 72க்குப் போகும்போது 1.8 மடங்குதான் வளர்கிறது. ஒன்று நாலு மடங்கு, இன்னொன்று 1.8 மடங்கு. ஒரு நிலையில் இரண்டையும் சமன் செய்யலாம், இன்னொரு நிலையில் முடியவே முடியாது. செட்டிநாட்டில் கல்யாணமான பிள்ளையை வேறு வைப்பார்கள் இல்லையா, கூரை ஒன்று, அடுப்பும் வரவுசெலவும் தனி. தொகுதிகளையும் அப்படித்தான் வைக்க வேண்டும். ஒருவர் கடனை மற்றவர் அடைப்பது என்ற ஏற்பாடு ஜூமில் நிலைக்காது. கோளப் பிறழ்ச்சிக்கும் கோமாவுக்கும் இதே நியாயம் ஓரளவு பொருந்தும். நிறத்துக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது.

சரி, முன் தொகுதிக்குக் கணக்குப் போடலாம். மொத்தக் குவியத்தொலைவு −48 வேண்டும். பிகே7உம் எஃப்2உம் சேர்த்தால் விரிக்கும் வில்லையின் குவியத்தொலைவு −20.8, குவிக்கும் வில்லையினுடையது +36.7. மிக வலுவான வில்லைகள், அதாவது ஆழமான வளைவுகள். எஃப்2க்குப் பதில் எஸ்எஃப்11 போட்டால் −28.8உம் +71.9உம். குவிக்கும் வில்லையின் வலு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆபே எண்களுக்கு இடையே தூரம் அதிகமானால் வில்லைகள் ஒன்றோடொன்று இழுபறி செய்வது குறையும், வளைவு குறையும், மற்றப் பிறழ்ச்சிகளும் பிறக்கும் இடத்திலேயே குறையும்.

இந்தத் தேர்வு புலவளைவுக்கும் உதவுகிறது. பிகே7க்கு ஒளிவிலகல் எண் 1.517, எஸ்எஃப்11க்கு 1.785. பெட்ஸ்வால் கூட்டை மறுபடி போட்டால், பின் தொகுதியைத் தொடாமலேயே வளைவு ஆரம் 230இலிருந்து 440 மி.மீ. பக்கம் போய்விடுகிறது. பின் தொகுதியில் லாந்தனம் கண்ணாடி சேர்ந்தால் ஏறக்குறைய தட்டையாக்கிவிடலாம்.

சிவப்பும் நீலமும் சேர்ந்தாலும் ஊதா தனியே நிற்கும். இதற்கு இரண்டாம் நிலை நிறமாலை என்று பெயர். கம்பி ஓரத்து ஊதாவில் பெரும் பங்கு இதனுடையது. சாதாரணக் கண்ணாடிகள் எல்லாம் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருப்பதால் அவற்றைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. அந்தக் கோட்டிலிருந்து விலகியிருப்பவை ஃபுளூரைட்டும் (கால்சியம் ஃபுளூரைடு) இடி (ED, அதாவது நிறத்தை மிகக் குறைவாகப் பிரிக்கும்) கண்ணாடிகளும். நம் லென்ஸ் 48 மி.மீ.யோடு நிற்பதால் ஃபுளூரைட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். பின் தொகுதியில், துளைக்குப் பக்கத்திலுள்ள குவிக்கும் வில்லை ஒன்றுக்கு ஆபே எண் 81 உள்ள இடி கண்ணாடி போதும். அது மென்மையானது, சீக்கிரம் கீறல் விழும், வெப்பத்துக்கு அதிகமாக விரியும். அதனால் வெளிப்பக்கம் வைக்கக் கூடாது.

படி 7: வில்லைகளின் வடிவம்

முன் தொகுதிக்கு மூன்று வில்லைகள். −28.8ஐ ஒரே வில்லையில் கொடுக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது, வெளிப்பக்கம் குவிந்து உள்பக்கம் குழிந்த பிறைவடிவம். சாய்ந்து வரும் மூலைக்கதிரை அது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். ஒரு பரப்பில் கதிர் எவ்வளவு கூர்மையாக மடங்குகிறதோ அவ்வளவு பிறழ்ச்சி; மடக்கத்தைப் பங்கிட்டால் மொத்தம் குறையும். இரண்டாவது விரிக்கும் வில்லை, அதன்பின் எஸ்எஃப்11 பிறை.

பின் தொகுதிக்கு ஐந்து. டென்னிஸ் டெய்லர் 1893இல் கண்ட குக் டிரிப்லெட் என்ற மூன்று வில்லை லென்ஸின் குவி-விரி-குவி வரிசையே இதற்கும் அடிப்படை. முன்னால் இருக்கும் குவியை இரண்டாக்கி, நடுவிலுள்ள விரிக்கும் வில்லையோடு ஒரு குவி வில்லையை ஒட்டி, கடைசியில் ஒரு குவி. இந்தத் தொகுதி −0.5 முதல் −1 வரை உருப்பெருக்கத்தில் வேலை செய்கிறது. துளைக்கு இருபுறமும் சமச்சீராகக் கட்டினால் −1இல் அதன் கோமா, உருத்திரிபு, பக்க நிறப்பிறழ்ச்சி மூன்றும் தாமாகவே அடங்கிவிடும். ஆனால் −0.5இல் அடங்காது. அதனால் சமச்சீரிலிருந்து கொஞ்சம் விலகி, −0.7க்கு ஏற்ற வடிவத்தில் தொடங்குவது நல்லது.

அஸ்ஃபெரிக் பரப்பு, அதாவது கோளமாக இல்லாத பரப்பு, இரண்டு போதும். எங்கே வைப்பது என்பதற்கு நான்காம் படியின் எண்களே வழிகாட்டும். மூலைக்கதிர் உயரமாக விழும் முன் தொகுதியில் வைத்தால் உருத்திரிபையும் அஸ்டிக்மாட்டிசத்தையும் பிடிக்கும். துளைக்குப் பக்கத்தில் வைத்தால் கோளப் பிறழ்ச்சியை மட்டும் பிடிக்கும். உருத்திரிபை அங்கிருந்து தொடவே முடியாது. வார்ப்பில் செய்த அஸ்ஃபெரிக்கில், அதை வார்க்கும் அச்சிலுள்ள நுண்ணிய வரிகள், குவியம் தப்பிய விளக்கு வட்டங்களுக்குள் வெங்காய வளையம் போட்டுக் காட்டிவிடும். தீபாவளி சீரியல் செட் எடுப்பவர்களுக்கு அது எரிச்சல்.

படி 8: கணினியிடம் கொடுப்பது

தொழில்முறையில் ஸீமேக்ஸ், கோட் வி போன்ற மென்பொருள்கள். மாணவர்களுக்குப் பைத்தானில் இயங்கும் ஆப்டிலேண்ட், ரே-ஆப்டிக்ஸ் ஆகியவை இலவசம். காரைக்குடிப் பொறியியல் கல்லூரி மாணவர் தன் லேப்டாப்பிலேயே இதை ஓட்டிப் பார்க்கலாம்.

மூன்று ஜூம் நிலைகளாவது ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் நல்லது. ஒவ்வொன்றிலும் படத்தின் நடு, பத்தில் ஏழு பங்கு தூரம், மூலை என்று மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று நிறங்கள். ஊதாவைச் சேர்க்க 436 நானோமீட்டரையும் போடுங்கள். எல்லாப் பிழைகளையும் ஒரே எண்ணாகக் கூட்டுவது மெரிட் ஃபங்ஷன். அதைக் குறைக்கும்படி மென்பொருள் வளைவுகளை மாற்றிக்கொண்டே போகும்.

முக்கியம் வரிசை. முதல் சுற்றில் கண்ணாடி வகையைப் பூட்டிவிட்டு வளைவுகளை மட்டும் விடுங்கள், ஒவ்வொரு தொகுதியின் நிறக்கூட்டையும் தனி நிபந்தனையாகச் சேருங்கள். அடுத்து இடைவெளிகளும் தடிமன்களும். அஸ்ஃபெரிக்கை கடைசியில் திறவுங்கள். தொடக்கத்திலேயே திறந்தால் தவறான வடிவத்தைக்கூட அது ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிவிடும், அப்புறம் அந்தப் பள்ளத்திலிருந்து வெளியே வர முடியாது. வில்லை ஓரம் 1 மி.மீ.க்குக் கீழே மெலியக் கூடாது, வில்லைகள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது என்ற வரம்புகளையும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் அழகாக, கையில் செய்யவே முடியாத ஒன்று வரும்.

மெரிட் எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அவ்வப்போது நிறுத்தி, எந்தப் பரப்பு எவ்வளவு பிறழ்ச்சியைக் கொடுக்கிறது என்ற சைடல் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரு பரப்பு +20, அடுத்தது −19 என்று இருந்தால் மொத்தம் 1 தான், ஆனால் அந்த வடிவமைப்பு ஆபத்தானது. செய்யும்போது ஒன்று துளி விலகினாலும் சமநிலை போய்விடும். +4, −3 என்று இருப்பதே மேல், மெரிட் எண் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

படி 9: பட்டறைக் கணக்கு

இரண்டு தொகுதிகளும் உருளையில் வெட்டிய கேம் பள்ளங்களில் ஓடும். எவ்வளவு துல்லியம் வேண்டும்? 6 மைக்ரான் பிக்சலைப் பிழை வரம்பாக வைத்தால், 24இல் எஃப் 2.8க்குக் குவியம் 17 மைக்ரான் வரை தவறலாம். பின் தொகுதி தன் இடத்திலிருந்து தவறினால், அந்தத் தவறில் முக்கால் பங்கு அந்த நிலையில் குவியத்துக்கு வரும்; முன் தொகுதியின் தவறில் கால் பங்குதான் வரும். 48க்குப் போனால் தலைகீழ். பின் தொகுதியின் நகர்வு குவியத்தைப் பாதிப்பதே இல்லை, முன் தொகுதியின் தவறு முழுசாக வந்து சேரும். ஆக 24க்குப் பின் கேம், 48க்கு முன் கேம். இரண்டுக்குமே ஏறக்குறைய 22 மைக்ரான் என்று வருகிறது.

ஆட்டோஃபோகஸ் முன்பின் தவறைச் சரிசெய்துவிடும். சாய்வையும் மையம் விலகலையும் சரிசெய்யாது. படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருக்கும். தொகுதி ஆட்டம் காணாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் மூன்று கேம் முளைகள் வையுங்கள். மென்பொருளில் நூற்றுக்கணக்கான கற்பனை லென்ஸ்களைப் பிழையோடு உருவாக்கி, எத்தனை தேறுகின்றன என்று பார்த்த பிறகே வரைபடத்தை வெளியே அனுப்ப வேண்டும்.

முன் தொகுதியை நகர்த்தி ஃபோகஸ் செய்தால் ஒரு லாபம் உண்டு. 2 மீட்டரில் உள்ள பொருளுக்கு அதை 1.1 மி.மீ. முன்னால் தள்ள வேண்டும், எந்த ஜூம் நிலையிலும் இதே அளவுதான். கனமான தொகுதி என்பதால் மோட்டார் திணறும் என்பது நஷ்டம்.

படி 10: பூச்சு

எட்டு வில்லைகள், அவற்றில் ஒரு ஜோடி ஒட்டியது. காற்றைத் தொடும் பரப்புகள் 14. எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாமல் பரப்புக்கு 5 சதவீதம் பிரதிபலித்தால் பாதி ஒளிகூட உள்ளே வராது. அரை சதவீதமாகக் குறைத்தால் 93 சதவீதம் வரும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா இந்தப் பூச்சுக்கு வழி கண்ட பிறகுதான் இத்தனை வில்லைகளை அடுக்குவது நடைமுறையில் எளிதானது.

இரண்டு பரப்புகளுக்கு இடையே எதிரொளித்துச் சென்சாருக்கு வரும் வழிகள் 91. முற்றத்து வெயில் சட்டத்துக்குள் இருக்கும்போது இவற்றில் எது குவிந்து புள்ளியாக விழுகிறது என்று மென்பொருளில் ஒவ்வொன்றாகப் பார்த்து, மோசமான ஜோடியின் வளைவை மாற்றுங்கள். சென்சாருக்கு எதிரே தட்டையான பரப்பு வேண்டாம்.

படி 11: வீட்டில் சோதனை

மாதிரி லென்ஸ் கையில் வந்ததும் ஆத்தங்குடித் தரையைப் பார்த்து உருத்திரிபை அளந்துவிடலாம் என்று ஆசை வரும். அந்தக் கற்கள் கண்ணாடித் தட்டின் மேல் கையால் வார்ப்பவை, பதிப்பதும் கைதான். கண்ணுக்கு நேராகத் தெரியும் வரிசையில் துளி விலகல் இருக்கலாம். கொத்தனார் நூலை இழுத்துக் கட்டி, செங்குத்துக்குத் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அவற்றைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து எடுங்கள். தரை வரிசை பார்வைக்கு மட்டும்.

புலவளைவுக்குத் தட்டையான சுவர் வேண்டும். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஃபோகஸ் பிடிக்க ஒன்றுமே இருக்காது என்பதால் நாளிதழ்த் தாள்களை ஒட்டிக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு. நடுவில் ஃபோகஸ் வைத்து ஒன்று, மூலையில் வைத்து ஒன்று. மூலை ஃபோகஸில் மூலை கூர்மையானால் குற்றவாளி புலவளைவு. அப்போதும் தேறாவிட்டால் அஸ்டிக்மாட்டிசமோ கோமாவோ. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மோசமென்றால் வடிவமைப்பைக் குறை சொல்லாதீர்கள், பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நிறத்துக்கு முற்றத்துக் கம்பிகள். அவற்றைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து எஃப் 2.8இலும் 8இலும் எடுங்கள். மூடியதும் ஊதா குறைந்தால் அது அச்சு நிறப்பிறழ்ச்சி. கம்பியின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை என்று நின்று, மூடினாலும் போகாவிட்டால் பக்க நிறப்பிறழ்ச்சி. அதை முன் தொகுதியில் தேட வேண்டும்.

இருட்டிய பிறகு கோமாவைப் பாருங்கள். பின்வாசலில் ஊசித் துளையிட்ட கறுப்பு அட்டைக்குப் பின்னால் ஒரு எல்இடி, முகப்பில் முக்காலி. அந்தப் புள்ளியை நடுவிலிருந்து மூலை வரை நகர்த்தி 24, 34, 48 மூன்றிலும் எடுங்கள். வால் முளைத்தால் கோமா, ஃபோகஸை முன்பின் மாற்றும்போது குறுக்குக்கோடு நெடுக்குக்கோடாகத் திரும்பினால் அஸ்டிக்மாட்டிசம். 24உம் 48உம் சரியாக இருந்து 34 மட்டும் கெட்டிருந்தால், கணினிக்குக் கொடுத்த ஜூம் நிலைகள் போதவில்லை. இடையில் இரண்டு நிலைகளைச் சேர்த்து எட்டாம் படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள்.